மூன்றாம் நாள் பயம்

பல்லை எடுத்த வலியைவிட, அந்த வலி சரியான வலிதானா என்ற சந்தேகமே நோயாளியை அதிகம் வாட்டுகிறது. அதற்கான மருந்து மாத்திரை அட்டையில் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் கண்ணாடி பயமுறுத்துகிறது. ஈறைக் கிழித்து, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, கடைவாயின் கோடியில் புதைந்து கிடந்த ஞானப் பல்லை எடுத்து இரண்டு இரவுகள் கழிந்துவிட்டன. இன்றைக்குத் தேவலாம் என்று எண்ணி எழுந்தவரின் கன்னம், எலுமிச்சம்பழத்தை அடக்கிக்கொண்டதுபோல் புடைத்திருக்கிறது. வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்க மறுக்கிறது. தாடைக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகக் கன்றிய தடம். டார்ச் அடித்துப் பார்த்தால் பல் இருந்த குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சீழா? செல்போனில் தேட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் எலும்பு அழுகலில் தொடங்கிப் புற்றுநோய்வரை எல்லா வியாதிகளும் அவருக்கு வந்துவிடுகின்றன.

உண்மையில் அவர் குணமாகிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீக்கம் உச்சத்தை எட்டுவதே 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான். தாடையை அசைக்கும் தசைகள் விறைத்துக்கொள்வதால் வாய் திறக்கச் சிரமம். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். கன்றல் என்பது தோலுக்கடியில் கசிந்த ரத்தம், புவியீர்ப்புக்குப் பணிந்து கழுத்துவரை இறங்குவதும் உண்டு. அந்த வெள்ளைப் படலம்கூடப் பெரும்பாலும் சீழ் அல்ல. புண் ஆறும்போது அதன்மேல் படியும் புரதத் திரை. எல்லாமே கால அட்டவணைப்படிதான் நடக்கிறது. அந்த அட்டவணையை அவரிடம் யாரும் காட்டவில்லை என்பதுதான் கோளாறு.

இந்தியாவில் 300க்கும் அதிகமான பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சிறிய ஊர்களின் கடைத்தெருக்களிலும் பல் ஆஸ்பத்திரி போர்டு தொங்குகிறது. பல்லை எடுக்கும் நுட்பம் எங்கேயோ போய்விட்டது. எடுத்த பிறகு நோயாளியிடம் பேசும் நேரம் மட்டும் பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லும் அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டி வளரவில்லை. அந்த இரண்டு நிமிடத்திலும் பாதி வாய் மரத்து, தப்பித்தோம் என்ற நிம்மதியில் மிதக்கும் மனிதர் எதைக் காதில் வாங்குவார்?

நாற்காலியில் வென்ற வலி

நாற்காலியில் உட்காரும்போது ஏற்படும் வலியை மருத்துவம் எப்போதோ வென்றுவிட்டது. அந்த வெற்றியில் பல் மருத்துவர்களின் பங்குதான் அதிகம். 1844ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், சிரிப்பு வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். 1846ல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கி, அறுவை சிகிச்சை உலகத்தையே மாற்றிக் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவர்தான். இன்று தெருமுனை க்ளினிக்கில்கூடப் போடப்படும் லிக்னோகெயின் ஊசி மருந்தை 1943ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார்.

ஊசி சரியாக ஏறிவிட்டால் வலி தெரியாது. ஆனால் அழுத்தம் தெரியும், எலும்பைச் செதுக்கும் ஓசை மண்டைக்குள் கேட்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அழுத்தத்தையே வலி என்று எண்ணி உடம்பு விறைத்துக்கொள்கிறது. கையை உயர்த்தினால் நிறுத்திவிடுகிறேன் என்று டாக்டர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் பலம் ஆச்சரியமானது. பெரும்பாலான நோயாளிகள் கையை உயர்த்துவதே இல்லை. உயர்த்தலாம் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பல் பயத்தை அளக்க ஓர் அளவுகோலும் உண்டு. 1969ல் நார்மன் கோரா என்ற அமெரிக்க உளவியலாளர் நான்கு கேள்விகளில் அதை வடிவமைத்தார். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கிறது, காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கிறது என்ற தினுசில் போகும் கேள்விகள். 1990களில் பிரிட்டனில் இதைத் திருத்தியபோது விட்டுப்போயிருந்த ஒரு முக்கியமான ஆசாமியைச் சேர்த்துக்கொண்டார்கள்: ஊசி. ஐந்து கேள்விகள், 25 மதிப்பெண். 19 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பயம் கடுமையானது என்று அர்த்தம். தமிழிலும் இந்தியிலும்கூட இது வந்துவிட்டது. நிரப்ப இரண்டு நிமிடம் ஆகாது. இருந்தும் காத்திருக்கும் அறையில் இந்தத் தாள் கொடுக்கப்படுவது அபூர்வம். பழைய வார இதழ்தான் கிடைக்கும்.

சொல்லப்பட்ட வலி

பயம் என்பது வெறும் மனசு சமாசாரம், வலிதான் நிஜம் என்று நினைப்பவர்கள் நான்கு ஆராய்ச்சிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது 1964ல் அமெரிக்காவின் மாசச்சூசட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்தது. வயிற்றில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 97 பேரில் ஒரு பாதியினரிடம், மயக்க மருந்து நிபுணர் முந்தின நாளே உட்கார்ந்து பேசினார். எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், ஏன் வலிக்கும், தசைகளை எப்படித் தளர்த்திக்கொள்வது என்று விளக்கினார். மற்றவர்களிடம் வலி பற்றிப் பேசவில்லை. யாரிடம் பேசப்பட்டது என்பது அறுவை செய்த டாக்டர்களுக்கே தெரியாது. பேசப்பட்டவர்களுக்குப் பின்னர் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறைய பாதிதான். வீட்டுக்கும் முன்னதாகவே அனுப்பப்பட்டார்கள்.

இரண்டாவது நேரடியாக ஞானப் பல்லைத் தொடுகிறது. 1978ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் பல் எடுக்கப்பட்டவர்களுக்கு வலி மருந்து என்ற பெயரில் மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அபின் வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் நாலாக்சோனைச் செலுத்தியதும் அவர்களுக்கு வலி திரும்பி வந்தது. அதாவது, நிவாரணம் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அவர்கள் உடம்பே தனக்கு வேண்டிய வலிகொல்லியைச் சுரந்திருந்தது. நம்பிக்கைக்கு இவ்வளவு வேதியியல் பலம் இருந்தால், பீதிக்கும் அதன் எதிர்த் திசையில் பலம் இருக்கத்தானே செய்யும்? பதற்றம் கூடும்போது அதே காயம் கூடுதலாக வலிக்கிறது என்பதைப் பின்னர் வந்த பல ஆய்வுகளும் காட்டுகின்றன.

மூன்றாவது, ஞாபகம் பற்றியது. 1985ல் இங்கிலாந்தின் ஜெரி கென்ட், பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எவ்வளவு வலிக்கும் என எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். முடிந்தவுடன் எவ்வளவு வலித்தது என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டார். பயந்த சுபாவம் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குப்பின் சொன்ன கணக்கு, அனுபவித்த வலியோடு பொருந்தவில்லை. எதிர்பார்த்த வலியோடு பொருந்தியது! நம் வீடுகளில் உலவும் பல் கதைகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. பல் எடுக்கப்போகிறவரைப் பார்க்க வரும் உறவினர் சாத்துக்குடியோடு ஒரு பயங்கரக் கதையையும் கொண்டுவருவார். 20 வருடத்துக்கு முன் அவர் பட்ட பாட்டை விவரிக்கும்போது பொய் சொல்வதில்லை. அப்படித்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

நான்காவது ஆராய்ச்சிக்குப் பிறகு வருவோம்.

கண் பார்வையும் கடைவாய்ப் பல்லும்

கதைகளைவிடப் பிடிவாதமானவை நம்பிக்கைகள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடும் என்ற பயம் வடக்கு, தெற்கு பேதமில்லாமல் நாடு முழுவதும் இருக்கிறது. பற்களின் உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பு வேறு; பார்வையைச் சுமக்கும் நரம்பு முற்றிலும் வேறு. பல் எடுத்தவர்கள் பலருக்கு வெள்ளெழுத்து வரும் வயது என்பதுதான் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். ஞானப் பல்லை எடுத்தால் அறிவு போய்விடுமோ என்ற கேலியும் உண்டு. இந்தியில் 'அக்ல் தாட்', வங்காளியில் 'ஆக்கேல் தாந்த்', தமிழில் ஞானப் பல். எந்த மொழியில் அழைத்தாலும் அது 17 வயதிலிருந்து 25 வயதுக்குள், புத்தி வரும் என்று பெற்றோர் காத்திருக்கும் பருவத்தில், முளைப்பதால் வந்த பெயர்.

இந்தப் பயங்களின் விலை என்ன? தள்ளிப்போடுதல். கிராம்புத் தைலம், மருந்துக் கடைக்காரர் தரும் மாத்திரை, இரண்டு நாள் ஆன்டிபயாடிக், வலி அடங்கியதும் மறதி. ஆன்டிபயாடிக் என்பது வலி மாத்திரையே அல்ல. பல் சீழ் கட்டி முகம் வீங்கிய பிறகு வருபவருக்கு ஊசிகூடச் சரியாகப் பிடிப்பதில்லை, ஏனென்றால் சீழ் பிடித்த திசுவில் மரப்பு மருந்தின் வேகம் குறைகிறது. வலிக்கும் என்று பயந்து தள்ளிப்போட்டவருக்குத்தான் கடைசியில் நிஜமாகவே வலிக்கிறது. குழந்தை அடம் பிடித்தால் 'டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்' என்று மிரட்டும் வழக்கம் இந்தக் கணக்கைச் சிறு வயதிலேயே தொடங்கிவைக்கிறது.

இன்னொரு ரகப் பயம் உயிருக்கே ஆபத்தானது. இதய நோய்க்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்கள், ரத்தம் நிற்காதோ என்று அஞ்சித் தாங்களாகவே அவற்றை நிறுத்திவிட்டுப் பல் டாக்டரிடம் போகிறார்கள். ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்தலாம். இதயத்தில் உறையும் ரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது. இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட விடக்கூடாது. சர்க்கரை நோயாளிகளும் பல்லே எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு தாராளமாக எடுக்கலாம்.

ஏழு நாள் கணக்கு

கீழ்த் தாடையில் போட்ட ஊசியின் மரப்பு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம்வரை இருக்கும். முதல் வலி மாத்திரையை அது கலைவதற்கு முன்பே விழுங்கிவிட வேண்டும். வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று வீரம் காட்டுபவர்கள் நள்ளிரவில் தோற்கிறார்கள். முதல் நாள்தான் வலியின் நாள். முதல் இரண்டு நாளும் டாக்டர் சொன்ன இடைவெளியில், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது.

இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து இந்த வலிக்கு நன்றாக வேலை செய்கின்றன. இதில் நம் ஊர்ப் பெட்டிக்கடைப் பழக்கம் ஒரு பொறி வைக்கிறது. காம்பிஃப்ளாம் மாத்திரையில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, உடம்பு சுடுகிறதே என்று டோலோ 650ம் போட்டால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறோம்; கல்லீரல் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு வைக்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோஃபெனைத் தொடக்கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் அதற்கும் ஆஸ்பிரினுக்கும் இடமே இல்லை. டாக்டர் மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் மதுவையும் தள்ளிவைக்க வேண்டும்.

ரத்தம் பற்றிய பீதி முதல் இரவுக்கு உரியது. தலையணையில் ரோஜா நிறக் கறை. ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவப்பாக்கிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி பதற்றம் போகும். சுத்தமான பஞ்சுத் துணியை மடித்துக் குழியின்மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும், நடுநடுவே எடுத்துப் பார்க்காமல். துப்பிக்கொண்டே இருப்பது ரத்தம் உறைவதைக் கலைக்கும். ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் அப்படியே. முதல் நாள் கன்னத்தின்மேல் ஐஸ்தான் வைக்க வேண்டும். பாட்டி வைத்தியத்துச் சூடான ஒத்தடம் அன்றைக்கு வீக்கத்தை வளர்க்கும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது 24 மணி நேரத்துக்குப் பிறகு, மெதுவாக.

சாப்பாடு விஷயத்தில் இந்தியச் சமையலறை பல் டாக்டரின் நண்பன். ஆறிய தயிர் சாதம், பருப்புக் கிச்சடி, கேழ்வரகுக் கஞ்சி, பாலில் ஊறிய இட்லி. காரமும் முறுக்கும் ஒரு வாரம் காத்திருக்கலாம். குழந்தைகள் கேட்கும் ஐஸ்கிரீமுக்கும் தடையில்லை. சொல்லப்போனால் இந்தியப் பல் மருத்துவமே ஐஸ்கிரீமுக்குக் கடன்பட்டது. 1920ல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது, அதற்கான பணத்துக்காக 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற குளிர்பானக் கடையை நடத்தினார்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் இறங்க வேண்டும். அப்போது, குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று திரும்பிக் காதுவரை குத்தி, வாயில் துர்நாற்றமும் வந்தால் அது பெரும்பாலும் குழியில் உறைந்த ரத்தம் கரைந்து எலும்பு வெளியே தெரிவதன் விளைவு. டாக்டர்கள் இதை 'டிரை சாக்கெட்' என்கிறார்கள். சாதாரணமாகப் பல் பிடுங்குவதில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரலாம். புதைந்த கீழ் ஞானப் பல்லில் அதைவிட அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களையும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களையும் இது கூடுதலாகத் தேடி வருகிறது. வேதனை கடுமையானது, ஆபத்து இல்லாதது. குழியைக் கழுவி மருந்துத் துணியை வைத்ததும் சில மணி நேரத்திலேயே வலி இறங்குகிறது. அந்த மருந்தில் வழக்கமாக இருக்கும் யூஜினால் வேறொன்றுமில்லை, நம் கிராம்புத் தைலத்தின் சாரம்தான்.

உதடு மரத்தே இருந்தாலும் பலர் பக்கவாதம் என்று அலறுகிறார்கள். கீழ்த் தாடைக்குள் ஓடும் நரம்பு ஞானப் பல்லின் வேரை உரசிக்கொண்டு போவது உண்டு. எடுக்கும்போது அது சற்று நசுங்கினால் உதடும் முகவாயும் வாரக் கணக்கில் மரத்திருக்கும். பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடுகிறது. நிரந்தரமாகத் தங்குவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே. எக்ஸ்ரேயைப் பார்த்தே இதை ஊகித்து முன்னரே சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

தாமதமில்லாமல் ஓட வேண்டிய நிலைமைகள் சிலவே: அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம், மூன்றாம் நாளுக்குப் பின்னும் வளரும் வீக்கம், குளிர் ஜுரம், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், நாக்கை மேலே தள்ளும் அளவுக்குத் தாடைக்கு அடியில் கெட்டியான வீக்கம். கடைசி இரண்டுக்கும் பல் க்ளினிக் போதாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு, அதுவும் அந்த இரவே.

ஒரு போன்

நான்காவது ஆராய்ச்சி 1998ல் வெளியானது. கனடாவில் ஈறு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, சிகிச்சைக்குப் பின் டாக்டரிடமிருந்து ஒரு போன் வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு, கொஞ்சம் தைரியம், சொன்ன குறிப்புகளின் ஞாபகப்படுத்தல். மொத்தம் 118 அறுவை சிகிச்சைகளை வைத்துப் பார்த்ததில், போன் வந்தவர்கள் குறைந்த வலியையே உணர்ந்தார்கள், விழுங்கிய வலி மாத்திரைகளும் குறைவு.

இதைவிட மலிவான மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பெரிய நகரங்களில் சில தனியார் க்ளினிக்குகள் மறுநாள் வாட்ஸப்பில் விசாரிக்கின்றன. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளின் நிலைமை வேறு. அங்கே வருபவர்களில் பலர் விடியற்காலை பஸ் பிடித்து, வரிசையில் நின்று, பல்லைக் கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள். மூன்றாம் நாள் வீக்கம் அவர்களுக்கும் வரும். இன்னொரு நாள் கூலியை இழந்து திரும்பி வந்து, 'இது சகஜம்' என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அல்லது பக்கத்து மருந்துக் கடையில் கைக்கு வந்த ஆன்டிபயாடிக்கை வாங்க வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் குறிப்புத் தாள், தரப்பட்டிருந்தால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

ஆகவே டாக்டர் சொல்வார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி போடுவதற்கு முன்பே, வாய் நன்றாகப் பேசும்போதே கேட்டுவிடலாம்: எந்த நாள் அதிகம் வீங்கும், எந்த நாள் குறைய ஆரம்பிக்க வேண்டும், குறையாவிட்டால் ராத்திரி எந்த நம்பருக்குப் போன் செய்வது. பதிலை எழுதிக்கொள்ள உடன் ஒருவர் இருப்பது நல்லது. சாத்துக்குடி கொண்டுவந்த உறவினரையே அதற்கு அழைத்துப் போகலாம், கதை சொல்லாமல் வருவதாக இருந்தால்.